ரீமிக்ஸ் செய்தியிலும் பாடகர் அறிவின் பெயர் இடம்பெற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்த் தனியிசைப் பாடல்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அதில் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலின் ரீமிக்ஸ் பற்றிய பத்தியில் பாடகி தீ, பிரெஞ்சு இசைக்கலைஞர் டி.ஜே. ஸ்னேக் ஆகிய இரு பெயர்களே காணப்பட்டன. அப்பாடலை எழுதி, தீயுடன் இணைந்து பாடிய தெருக்குரல் அறிவின் பெயர் விடுபட்டிருந்தது. இடம் கருதி நேர்ந்த விடுபடலாக இருக்கலாம். ஆனால் இந்தப் பாடலின் வரலாற்றில் இது முதல் முறையன்று என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச் 7 அன்று மாஜா என்ற இசை வெளியீட்டு நிறுவனம் வெளியிட்ட அந்தப் பாடல், கேட்டவுடன் கால்கள் தாமாகவே தாளம் போடும் துள்ளிசைதான். ஆயினும் அதன் உள்ளே ஒலிப்பது ஒப்பாரி. தோட்டம் செழித்த பிறகும் அதை வளர்த்தவளின் தொண்டை நனையவில்லை என்று வரும் இடத்தில் பாட்டின் முழுக் கதையும் அடங்கிவிடுகிறது. இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து இந்தப் பாடலை எடுத்ததாக அறிவு சொல்லியிருக்கிறார். 1964ஆம் ஆண்டில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்போது அந்த மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. அவர்களுடைய வரலாறு உலகெங்கும் ஒலித்த பாடலாக வந்ததை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன்.

பாடல் வெளியான 2021ஆம் ஆண்டிலேயே டி.ஜே. ஸ்னேக்கின் ரீமிக்ஸ் வெளிவந்தது. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் அதற்காக வைக்கப்பட்ட ஸ்பாட்டிஃபை பாடல் செயலியின் விளம்பரத் திரையில் தீயும் ஸ்னேக்கும் இருந்தார்கள், அறிவு இல்லை. அந்த ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு, தீயையும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலையும் அட்டையில் வெளியிட்டபோது இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார்; பின்னரே அறிவுக்கு இணையவழி அட்டை ஒன்று கிடைத்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாடல் அரங்கேறியதும் விவாதம் மீண்டும் எழுந்தது. அறிவின் பங்கை ஒருபோதும் குறைத்துச் சொன்னதில்லை என்று தீ அப்போது விளக்கமளித்தார். அதை நான் ஐயுறவில்லை. என் கவலை தனி மனிதர்களின் நோக்கம் பற்றியதன்று, பெயர் உதிர்ந்துபோகும் வழக்கத்தைப் பற்றியது.

ரீமிக்ஸுக்கு நான் எதிரியல்லன். தாளத்தை மாற்றுவதும், ஆட்டத்துக்கு ஏற்ற பகுதியை நீட்டுவதும், நீண்ட சொல்லடுக்கைக் குறைப்பதும் அக்கலையின் இயல்பு. இருவர் பாடிய பாடலில் கதை சொல்லும் குரல் சுருங்கி, திரும்பத் திரும்ப வரும் பல்லவி மட்டும் ஓங்கி நிற்பதற்கு அங்கே எப்போதும் வாய்ப்புண்டு. அத்துடன், ரீமிக்ஸ் தனி ஒலிப்பதிவாகவே பதிவாகிறது, ஒவ்வொரு ஒலிப்பதிவையும் தனித்து அடையாளப்படுத்தும் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணும் கலைஞர் பட்டியலும் புதிதாகவே உருவாகின்றன. பாடல் செயலிகளில் முகப்பில் தெரிவது அந்தப் பட்டியலின் முதல் ஓரிரு பெயர்களே. எழுதியவர் யார் என்று அறிய இன்னும் இரண்டு முறையாவது விரலால் தட்டித் தேட வேண்டியிருக்கிறது.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பின்னும் தம் படைப்பைத் தமதென்று கூறும் உரிமையைப் படைப்பாளிக்கு விட்டுவைக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 38பி பிரிவின் வழியாகப் பாடுவோருக்கும் அத்தகைய உரிமையைத் தந்தது. பயன்பாட்டின் தன்மையால் பெயரை விட நேர்ந்தால் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. அயல்நாட்டு விளம்பரத் திரையை இச்சட்டம் கட்டுப்படுத்துமா என்பதை வழக்கறிஞர்கள் தீர்மானிக்கட்டும்.

தங்கள் நாளிதழிடம் நான் கேட்பது எளிது. ஒரு பாடலின் ரீமிக்ஸ் பற்றி எழுதும்போது, ரீமிக்ஸ் செய்தவரின் பெயரோடு மூலப் பாடலை எழுதியவர், இசையமைத்தவர், பாடிய அனைவர் பெயரையும் ஒரே வரியில் சேர்த்து அச்சிடுங்கள். மேற்கண்ட கட்டுரைக்கும் அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிட்டு, இணையப் பதிப்பிலும் அறிவின் பெயரைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வேலூர்.