காய்த்த கை

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வீடு மாற்றினோம், இன்னும் பாதிச் சாமான் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது, பெரியவள் வேறு பரீட்சைக்குப் படிக்க இடமில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள். ஆனால் நீ எழுதிய அந்த ஒரு விஷயம் மட்டும், பாத்திரம் அடுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மனசை விட்டுப் போகவே இல்லை.

நீ நைட் டூட்டி பார்த்த அன்று வார்டில் அப்பாவைப் பறிகொடுத்த பையன் உன்னைப் பார்த்து 'கேலஸ்' என்று கத்தினான், நீ ஒன்றும் பேசாமல் அடுத்த கட்டிலுக்கு டிரிப்ஸ் மாற்றப் போய்விட்டாய், காலையில் வீட்டுக்கு வந்து அகராதியில் 'ஈவிரக்கமற்ற' என்று பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. இதுதானே எழுதியிருந்தாய்? அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்னது பாதிதான்டி, மீதியைத் தெரிந்துகொண்டால் அந்தச் சொல் வேறு மாதிரி கேட்கும்.

நீ வார்டில் தினமும் பார்க்கிற காய்ப்புத்தோல்தான் அது. ஆங்கிலத்தில் காய்ப்புக்கும் 'கேலஸ்'தான், இரக்கமில்லாதவருக்கும் 'கேலஸ்'தான், உச்சரிப்பு ஒன்றே, எழுதும்போது மட்டும் ஒரு எழுத்து வித்தியாசம். இரண்டுக்கும் தாய் லத்தீன் மொழியின் 'கல்லும்', அதாவது தடித்துப்போன தோல். (நம்முடைய கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒலி அப்படி அமைந்துவிட்டது.) 1400 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு உடம்பின் கடினம் மட்டும்தான் பொருள். மனசின் கடினத்தையும் அதே சொல்லால் சொல்வது 17ஆம் நூற்றாண்டில்தான் வந்தது.

எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுவது இன்னொன்று. அதே வேரிலிருந்து லத்தீனில் 'கல்லேரே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. தோல் காய்த்துப்போவது என்பது அதன் ஒரு பொருள், பழகிப் பழகி ஒரு வேலையில் தேர்ந்துவிடுவது இன்னொரு பொருள். அதிலிருந்து 'கல்லிதுஸ்' என்ற சொல் வந்தது, கைதேர்ந்தவர் என்று அர்த்தம். காய்த்துப்போவதையும் கைதேர்வதையும் லத்தீன் பேசியவர்கள் ஒரே வேரில் வைத்திருந்தார்கள். உனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், குழந்தையின் நரம்பை முதல் குத்திலேயே பிடிக்கிற கை உன்னுடையது. அந்தக் கை நடுங்கினால் யாருக்கு லாபம், சொல்லு.

கி.மு. 45இல் ரோமில் சிசரோ என்ற பேச்சாளர் எழுதினார், உழைப்பு வலியின் மேல் காய்ப்பு மாதிரி ஒன்றைப் போர்த்துகிறது என்று. பாராட்டாகத்தான் எழுதினார், வேதனையைத் தாங்கப் பழகுவதைப் பற்றிப் பேசும் இடத்தில். ஆனால் அதே வருஷம் பிப்ரவரியில்தான் அவருடைய மகள் துல்லியா பிரசவத்துக்குப் பின் இறந்துபோயிருந்தாள். மார்ச்சில் தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதத்தில், காலையில் முள் அடர்ந்த காட்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறேன், சாயங்காலம் வரை வெளியே வருவதில்லை, படிக்க உட்கார்ந்தாலும் அழுகை வந்து குறுக்கிடுகிறது, முடிந்த மட்டும் அதோடு போராடுகிறேன் என்கிறார். சில மாதம் கழித்துக் காய்ப்பைப் பற்றி எழுதியதும் அதே மனுஷன்தான். நான் இதை இரண்டு மூன்று தடவை படித்தேன், ஒவ்வொரு தடவையும் உன் ஞாபகம்தான் வந்தது.

தமிழில் நாம் கல்நெஞ்சு என்போம், மரத்துப்போன மனசு என்போம். கல்லுக்குள் ஒன்றும் இல்லை. காய்ப்பு அப்படியா? உராய்வும் அழுத்தமும் ஓயாமல் படுகிற இடத்தில் தோல் தன்னைக் காத்துக்கொள்ள செல்லை அடுக்கிக்கொண்டே போகிறது, மேலே அடுக்கியது செத்த செல், அதில் நரம்பு கிடையாது, அடியில் உயிருள்ள தோல் அப்படியே இருக்கிறது. உராய்வு நின்றால் கொஞ்ச நாளில் தேய்ந்தும் போகும். ஹாஸ்டலில் என் நடுவிரலில், நகத்துக்குப் பக்கத்தில், பேனா அழுத்தி அழுத்திப் பட்டாணி மாதிரி ஒன்று இருக்குமே, நீகூட அமுக்கிப் பார்ப்பாய், கம்ப்யூட்டருக்கு மாறினபின் அது இருந்த இடமே தெரியவில்லை.

ஆனால் உனக்கு ஆறுதல் மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் காய்ப்பைச் சீவி எடுத்தால் சில சமயம் அடியில் புண் இருக்கும், வலியே தெரியாமல் அது பாட்டுக்கு ஆழமாகிக்கொண்டிருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். போன வருஷம் எத்தனை பேரை அந்த வார்டிலிருந்து பிணமாக அனுப்பி வைத்தேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன் என்று எழுதினாயே, அதற்கு அடியில் என்ன இருக்கிறது? லீவு கேள். தரமாட்டேன் என்றால் மறுபடி கேள்.

அப்புறம், என் அப்பா ஞாபகம் இருக்கிறதா உனக்கு? நாற்பது வருஷம் இழைப்புளி தள்ளிய கை, உள்ளங்கை முழுக்கக் காய்த்துக் காய்த்துப் பலகை மாதிரி ஆகியிருக்கும், அடுப்பிலிருந்து சூடான சட்டியைத் துணி இல்லாமல் இறக்குவார். எனக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் கையைத் திருப்பிப் புறங்கையை நெற்றியில் வைப்பார். உள்ளங்கைக்குச் சூடு சரியாகத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அடுத்த கட்டிலுக்குப் போனாயே, அங்கே இருந்தவர் நெற்றியில் நீ கை வைத்துப் பார்த்தாயா இல்லையா? பார்த்திருப்பாய், எனக்குத் தெரியும்.

லீவு கிடைத்ததும் தேதியை எழுது. புது வீட்டில் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, பெரியவளைக் கீழே படிக்கச் சொல்லிக்கொள்கிறேன்.

என்றும் உன்,
பழைய ரூம்மேட்