நாற்பது கிலோமீட்டருக்கு ஆறு நாளா? பூம்புகார் – வேளாங்கண்ணி கடலோர நடைப்பயணம் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பூம்புகாரிலிருந்து வேளாங்கண்ணி வரை கடலோரமாக வழிகாட்டிகளுடன் நடந்து செல்லும் பயணத்துக்கு இந்த மாசியிலும் பலர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். திருவொற்றியூர்த் தேரடி அருகே உள்ள எங்கள் கடைக்கு நேரில் வந்தவர்களும் தொலைபேசியில் விசாரித்தவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மொத்தம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் நடப்பதற்கு ஆறு நாள் எதற்கு, அதற்கு 14,800 ரூபாய் எதற்கு என்பதே அது. ஆவணித் திருவிழாவுக்குக் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை செல்லும் ராயபுரத்து உறவினர்கள் ஒரே நாளில் முப்பது கிலோமீட்டர் நடந்துவிடுவதை ஒருவர் சுட்டிக் காட்டினார். நியாயமான கேள்விதான். பணம் கட்டுவதற்கு முன் இதற்கு விளக்கமாகப் பதில் சொல்வது எங்கள் கடமை என்று கருதி இம்மடலை எழுதுகிறோம்.

பாதயாத்திரை செல்பவர்கள் தார்ச்சாலையில் நடக்கிறார்கள்; நாம் மணலில் நடக்கிறோம். காய்ந்த மணலில் ஒவ்வோர் அடியிலும் கால் புதைந்து மீள்வதால், உறுதியான தரையில் நடப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான உழைப்பு உடலுக்குத் தேவைப்படுகிறது. அலை வந்து திரும்பிய ஈர மணல் கெட்டியாக இருக்கும் என்பதால் வழிகாட்டிகள் உங்களை அதன் மீதே அழைத்துச் செல்வார்கள் என்றாலும், அங்கே வேறொரு தொல்லை உண்டு. அந்தப் பட்டை கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. தெற்கு நோக்கி நடக்கும்போது கடல் இடப்புறம் இருப்பதால், இடது கால் நாள் முழுவதும் வலது காலைவிடச் சற்றுத் தாழ்வாகவே ஊன்றும். முதல் இரண்டு மணி நேரம் இது தெரியாது. ஆனால் நான்காவது மணி நேரத்தில் இடுப்பும் முழங்காலின் பக்கவாட்டும் தாமாகவே சொல்லிவிடும். ஆகவே மணலில் பத்து கிலோமீட்டர் என்பதைச் சாலையில் இருபதுக்குக் குறையாத தூரமாக எண்ணிக்கொள்ளுங்கள். அதுவே எங்கள் ஒரு நாள் உச்ச அளவு.

இரண்டாவது காரணம் வெயில். மாசியிலேயே காலை பத்து மணிக்கு மேல் நிழலற்ற கரையில் நடப்பது புத்திசாலித்தனம் அன்று. ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு ஒன்பதரைக்கு நிறுத்திவிட்டு, மாலை நான்கு மணிக்கு மேல் மீண்டும் சிறிது தூரம் நடப்பதே எங்கள் முறை. நடுவில் இருக்கும் ஆறரை மணி நேரத்தை வீணான நேரமாகச் சிலர் கருதுகிறார்கள். சவுக்குத் தோப்பில் பாய் விரித்துப் படுக்கும் அந்த நேரத்துக்காகவே இரண்டாம் முறை வருபவர்களும் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

மூன்றாவதுதான் முக்கியமானது. நிலப்படத்தில் பூம்புகார் முதல் வேளாங்கண்ணி வரை கரை ஒரே கோடாகத் தெரிகிறது. உண்மையில் அது பல துண்டுகளாக அறுபட்ட கோடு. காவிரியின் கிளைகள் ஒவ்வொன்றாகக் கடலில் இறங்கும் நிலம் இது. தரங்கம்பாடிக்குத் தெற்கே நண்டலாறு, காரைக்காலில் அரசலாறு, நாகூரில் வெட்டாறு, நாகப்பட்டினத்தில் கடுவையாறு, இவற்றுக்கிடையே பெயர் தெரியாத வடிகால் வாய்க்கால்கள் என நடை அடிக்கடி நின்றுவிடும். முகத்துவாரங்களின் இயல்பு மாதத்துக்கு மாதம் மாறும். வடகிழக்குப் பருவமழையிலும், மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் வரும் காலத்திலும் ஆறுகள் மணல் திட்டை உடைத்துக்கொண்டு பாயும். வழக்கமாக ஜனவரி 28ஆம் தேதி மேட்டூர் மூடப்பட்ட பிறகு நீர்வரத்து குறைந்து, அலை கொண்டுவந்து சேர்க்கும் மணலால் சிறிய வாய்கள் மெல்ல மெல்லத் தூர்ந்துவிடும். அப்போதுதான் அவற்றைக் கால் நனையாமல் கடக்க முடியும்.

இந்தப் பாடத்தை நாங்கள் சும்மா கற்கவில்லை. ஒரு முறை மார்கழிக் கடைசியில், விடுமுறைக்கு வசதியாக இருக்கும் என்று பயணத்தை வைத்தோம். முந்தைய வாரம் மூடிக் கிடந்த ஒரு வாய்க்கால் முகம், மேலே பெய்த மழையால் இரவோடிரவாகத் திறந்துகொண்டது. பதினாறு பேருடன் அதன் கரையில் போய் நின்ற பிறகே எங்களுக்குத் தெரிந்தது. வண்டி வர வழியில்லாத இடம். வந்த வழியே நான்கு கிலோமீட்டர் உச்சி வெயிலில் திரும்பி நடந்தோம்; வயதான அம்மையார் ஒருவர் மயங்கி உட்கார்ந்துவிட்டார். முந்தைய நாள் மாலை ஆளனுப்பிப் பார்க்காதது முழுக்க எங்கள் தவறு. அன்று முதல் ஒவ்வொரு முகத்துவாரத்தையும் முதல் நாள் மாலையே உள்ளூர் ஆள் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே மறுநாள் வழி முடிவாகிறது. பெரிய ஆறுகளைப் பாலம் வழியாக வேனில்தான் கடக்கிறோம். ஆள் தண்ணீரில் இறங்கிக் கடக்கும் பேச்சுக்கே இடமில்லை. நீங்கள் தரும் பணத்தில் பெரும்பகுதி இந்த வேனுக்கும், ஊருக்கு ஊர் மாறும் உள்ளூர் வழிகாட்டிகளின் கூலிக்கும் போகிறது.

பயணக் காலத்தை தைக் கடைசி முதல் மாசி நடுப்பகுதி வரை நான்கே வாரங்களாகச் சுருக்கியதும் இதனால்தான். அதற்கு முன்னால் ஆறுகள் ஒத்துழைப்பதில்லை. பின்னால் வெயில் ஒத்துழைப்பதில்லை. இந்த நான்கு வாரங்களில் வாடையின் மிச்சம் இன்னும் வீசிக்கொண்டிருக்கும். வடக்கிலிருந்து தெற்காக நடப்பவருக்கு அது முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். வேளாங்கண்ணியில் தொடங்கிப் பூம்புகாரில் முடிக்கலாமே என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில். எதிர்காற்றில் பறக்கும் மணல் கண்ணில் விழ நடப்பது இன்பச் சுற்றுலா ஆகாது.

நம் ஊர்க் கரையிலேயே, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வழியாகப் பழவேற்காடு வரை நடத்தக் கூடாதா என்றும் சிலர் கேட்டார்கள். எங்களுக்கும் ஆசைதான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டதிலிருந்து, ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணல் தெற்கே தேங்கி மெரினாவை அகலப்படுத்தியது. வடக்கே இருந்த நம் கரையைக் கடல் தின்றுகொண்டே வந்தது. இன்று திருவொற்றியூரில் நடக்கக் கிடைப்பது கருங்கல் தடுப்பும், அலையின் வேகத்தைத் தணிக்கக் கடலுக்குள் நீட்டிய கல்சுவர்களான தூண்டில் வளைவுகளும்தான். அதற்கு அப்பால் கொசஸ்தலையாற்று முகத்துவாரமும் துறைமுகங்களும் வழியை மறிக்கின்றன. நம்முடைய மணலில் நடக்க நாம் மெரினாவுக்குப் பேருந்தேற வேண்டியிருக்கிறது என்பதை நாங்கள் கசப்போடுதான் சொல்கிறோம்.

ஆயினும் இந்தப் பயணம் தொடங்கும் இடத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வணிகராகப் பிறந்து எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தார் கடைசியில் வந்தடைந்தது நம் திருவொற்றியூர்க் கடற்கரைக்குத்தான். அவருடைய சமாதிக்கு அன்றாடம் போய் வருபவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அதே பூம்புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கத் தொடங்கிய கண்ணகி, சிறிது தூரத்திலேயே களைத்து மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். முப்பது காதத் தொலைவைக் கோவலன் பக்கம்தான் என்பதுபோல் சொல்லிச் சமாளித்தான். எங்கள் வழிகாட்டிகளுக்கு நாங்கள் கொடுத்திருக்கும் முதல் கட்டளை, கோவலனைப் போல் பதில் சொல்லக் கூடாது என்பது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் உள்ளபடியே சொல்வார்கள்.

நாட்களின் அமைப்பு இவ்வாறு இருக்கும். எழும்பூரிலிருந்து இரவு ரயிலில் மயிலாடுதுறை சென்று, அங்கிருந்து வேனில் பூம்புகார். முதல் நாள் மாலை வானகிரி வரை மூன்று கிலோமீட்டர் மட்டுமே. அது உங்கள் காலணியையும் எங்கள் கணிப்பையும் சோதித்துப் பார்க்கும் நடை. இரண்டாம் நாள் காலையும் மாலையுமாகப் பத்து கிலோமீட்டர் நடந்து தரங்கம்பாடி சேர்கிறோம்.

மூன்றாம் நாள் காலை முழுவதையும் தரங்கம்பாடிக்கே ஒதுக்கியிருக்கிறோம். இதைக் குறைக்கச் சொல்பவர்களுக்கு நாங்கள் இணங்குவதாக இல்லை. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1845இல் ஆங்கிலேயரிடம் விற்கப்படும் வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. 1706இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து இவ்வூரிலேயே அச்சிட்டார். அவர் காலத்தில் 1718இல் எழுந்த தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. கோட்டைக்கு வடக்கே மாசிலாமணி நாதர் கோயில். பாண்டியர் காலத்ததான அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் கற்கள் கொட்டிக் காத்திருக்கிறார்கள். கடல் அரித்த கரையில் வாழும் நமக்கு அங்கே நிற்கும்போது யாரும் எதையும் விளக்க வேண்டியிராது.

நான்காம் நாள் நண்டலாற்றை வேனில் கடந்து காரைக்கால் பகுதியில் எட்டு கிலோமீட்டர் நடக்கிறோம். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே மது மலிவு என்பதை நாங்கள் அறிவோம், நீங்களும் அறிவீர்கள். பயண நாட்களில் குடிக்கவும், எல்லை தாண்டி எடுத்து வரவும் அனுமதி இல்லை. கீழவாஞ்சூர் அருகே துறைமுகம் கரையை அடைத்துக்கொண்டிருப்பதால் நாகூர் வரை மீண்டும் வேன். மாலையில் தர்கா. ஐந்தாம் நாள் நாகூரிலிருந்து நாகப்பட்டினம் ஆறு கிலோமீட்டர், ஆறாம் நாள் அக்கரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து வேளாங்கண்ணி பத்து கிலோமீட்டர்.

இந்தக் கடைசி இரண்டு நாட்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள். நீங்களாக அந்த நாளைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

நாம் நடக்கும் கரை பொழுதுபோக்கு இடம் அன்று, மீனவர்களின் வேலைத்தளம். ஒவ்வோர் ஊரிலும் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் காட்டும் ஆளையே வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறோம். கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றைத் தாண்டாமல் அவர்களுக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். காயும் வலையையும் கருவாட்டையும் மிதிக்கக் கூடாது. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இது பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் பருவமும்கூட என்பதால், விடியுமுன் நடக்கும்போது கைவிளக்கைக் கடல் பக்கம் அடிக்காதீர்கள். ஆமையின் தடம் தென்பட்டால் வழிகாட்டி சொல்லும் வரை நகராமல் நில்லுங்கள்.

உடல்நிலை பற்றி ஒளிவின்றிச் சொல்லுங்கள். குறிப்பாக, நீரிழிவு உள்ளவர்கள் ஈர மணலில்தானே நடக்கிறோம் என்று வெறுங்காலோடு இறங்கிவிடக் கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் கிளிஞ்சல் கிழித்ததும் தெரியாது, ஒன்பது மணி மணல் சுட்டதும் தெரியாது. மாலையில் கொப்புளத்தைப் பார்த்த பிறகே தெரியும். பின்பக்கம் வார் உள்ள செருப்பு எல்லாருக்கும் கட்டாயம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரின் கடிதம் கொண்டு வர வேண்டும். வழியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாக இருப்பதால் குடிநீரை வேனில் கொண்டு வருகிறோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் உங்கள் தோளில் இருக்க வேண்டும். கழிப்பறை வசதி தங்குமிடங்களில் மட்டுமே நிச்சயம். காலை நடையில் அது இருக்காது என்பதை முன்பே சொல்லிவிடுகிறோம். கடலில் குளிக்க அனுமதி இல்லை, யார் கேட்டாலும்.

ரயில் முன்பதிவு இப்போது அறுபது நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே உங்கள் பயண நாளுக்கு எழுபது நாட்கள் முன்னதாக அடையாள அட்டை நகலும் முன்பணமாகப் பாதித் தொகையும் கடைக்கு வந்து சேர வேண்டும். முப்பது நாட்களுக்கு முன் விலகினால் ரயில் கட்டணப் பிடித்தம் போக மீதியைத் தந்துவிடுவோம். அதற்குப் பின் விலகினால் உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம். புயல் எச்சரிக்கையால் நாங்களே ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்பும். ஒரு குழுவில் பதினான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை.

பெயர் கொடுத்த அனைவரும் பயணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை ஐந்தரை மணிக்கு மெரினாவில் உழைப்பாளர் சிலை அருகே வந்து சேர வேண்டும். கலங்கரை விளக்கம் வரை மணலில் போய்த் திரும்பும் நடை அது. பயணத்துக்கு அணியப்போகும் அதே செருப்போடும், தண்ணீர் நிரப்பிய அதே பையோடும் வாருங்கள். மூன்றில் இரண்டுக்காவது வராதவர்களைப் பயணத்தில் சேர்ப்பதில்லை. அவர்களின் முன்பணத்தைத் திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்,
திருவொற்றியூர், சென்னை.