கயலுக்கு அப்பா எழுதுவது

கோபிசெட்டிபாளையம்
9.2.2025

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஊர் வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. உங்கம்மாவுக்கு இன்னும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்துகொண்டு, "அங்க இப்ப மத்தியானம், கயலு சாப்பிட்டாளோ என்னமோ" என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. பக்கத்து க்ளப்பில் 12 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்கிறார்கள், சனி ஞாயிறு மட்டும், சம்பளம் இல்லை என்றாய். "பத்து வருஷமா பந்தையே தொடலப்பா, எனக்கு என்ன தகுதி இருக்கு" என்றும் கேட்டாய். நான் "யோசிச்சு செய் கண்ணு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இதைப் பேச்சில் சொல்லப் போனால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

டிசம்பர் 22 அன்று நீ என்னை அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் வாலிபால் இறுதிப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, அதிலிருந்து தொடங்குகிறேன்.

முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். வேப்பமரத்துக்கும் ஓர் இரும்புக் குழாய்க்கும் நடுவில் வலை கட்டி எத்தனையோ மேட்ச் நடத்தியிருக்கிறேன். மண்டல இறுதிப் போட்டிக்கு நாற்பது பேர் நின்று பார்த்தால் அன்றைக்குப் பெரிய கூட்டம். லூயிவில் நகரில் அந்த கே.எஃப்.சி. யம் சென்டர் அரங்கத்துக்குள் நுழைந்து மேல் வரிசையில் நம் இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்து கீழே பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. கல்லூரிப் பெண்கள் ஆடும் வாலிபாலுக்கு 21,860 பேர். நீ அந்த எண்ணைப் படித்துக் காட்டியபோது நான் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? ஊருக்கு வந்து இந்த எண்ணை யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் நடுவில் வலை கட்டி ஆடியதைப் பார்க்க 92,003 பேர் வந்தார்கள் என்று சொன்னால் எழுந்தே போய்விடுவார்கள் போலிருக்கிறது.

முதலில் உன்னிடம் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை ராத்திரி அரையிறுதியை டி.வி.யில் பார்த்தோமே, பென் ஸ்டேட் கல்லூரி அணி நெப்ராஸ்காவிடம் இரண்டு செட் தோற்று, நான்காவது செட்டில் 16-22 என்று பின்தங்கி நின்றபோது, "முடிஞ்சுது கண்ணு, நெப்ராஸ்காதான்" என்று சொல்லிப் படுக்கப் போனேன். நீதான் வந்து எழுப்பினாய். மேட்ச் பாயிண்டைத் தடுத்து, அந்த செட்டை 28-26 என்று எடுத்து, கடைசி செட்டை 15-13 என்று ஜெயித்துவிட்டார்கள். இத்தனை வருஷம் மைதானத்தில் நின்றவன், பாதியில் எழுந்து போனேனே என்று இன்னும் வருத்தமாக இருக்கிறது. அன்றைக்கே இன்னொரு அரையிறுதியில் லூயிவில் கல்லூரி அணி பிட்ஸ்பர்க்கை ஜெயித்தது. ஜெயித்த மேட்சிலேயே அன்னா டிபீர் என்கிற பெண்ணுக்குக் கணுக்காலில் அடி. அந்த ஊரிலேயே வளர்ந்த பிள்ளை. சொந்த ஊரில், சொந்த ஜனங்கள் முன்னால் நடக்கிற இறுதிப் போட்டியில் அவளால் ஆட முடியாமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் நடக்கும்போதும் என் கண் அடிக்கடி அந்தப் பக்கம்தான் போனது. பொள்ளாச்சியில் மாவட்டப் போட்டிக்கு முதல் நாள் உனக்கு விரல் பிசகியபோது, கட்டுப் போட்ட கையோடு நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாயே, அந்த முகம்தான் ஞாபகம் வந்தது.

மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் நீ சொன்ன ஒரு விஷயம் என்னை விட்டுப் போகவே இல்லை. "யார் ஜெயிச்சாலும் இன்னைக்கு ஒரு சரித்திரம்ப்பா, ரெண்டு டீமுக்கும் கோச் பொம்பளைங்கதான்" என்றாய். இதில் என்ன சரித்திரம் என்று கேட்டேன். பெண்கள் போட்டிதானே, பெண்கள் எத்தனையோ தடவை ஜெயிக்க வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். 1981இல் தொடங்கிய போட்டி, அதுவரை 43 தடவை நடந்திருக்கிறது, 43 தடவையும் கோப்பை வாங்கிய அணியின் தலைமைக் கோச் ஆண் என்றாய். ப்ளோரிடா அணியின் கோச் மேரி வைஸ் 2003இல் இறுதிக்கு வந்து தோற்றார், 2017இல் திரும்ப வந்து தோற்றார். இதே லூயிவில் கோச் டேனி புஸ்பூம் கெல்லியும் 2022இல் இறுதியில் தோற்றவர். பள்ளி கல்லூரிகளில் பெண்களுக்குப் பாகுபாடு கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் வந்தது 1972இல். ஆடுவதற்குப் பெண்கள் வந்துவிட்டார்கள், உதவித்தொகை வந்துவிட்டது, கூட்டமும் வந்துவிட்டது. ஆனால் விசிலைக் கையில் வாங்கி அந்த ஓரத்தில் நின்று கோப்பை தூக்க இன்னும் 52 வருஷம் ஆகியிருக்கிறது.

நீ இதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கப் போய்விட்டாய். நான் அங்கேயே உட்கார்ந்து 2012 மே மாதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள். திண்ணையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நீ வந்து நின்று, "நந்தனத்துல உடற்கல்வி படிக்கறேன்ப்பா, உங்க காலேஜ்லயே" என்றாய். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "உனக்குப் பைத்தியமா? கட்-ஆஃப் இவ்வளவு வெச்சுக்கிட்டு விசில் ஊதப் போறியா?" என்று கேட்டேன். நீ வாதாடவில்லை. உள்ளே போய்விட்டாய். கவுன்சிலிங்குக்குப் போனோம், பொறியியல் சேர்ந்தாய், நன்றாகப் படித்தாய், இன்றைக்கு நன்றாகவும் இருக்கிறாய். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அன்றைக்கு நான் சொன்னதற்கு உண்மையான காரணம் கட்-ஆஃப் இல்லை. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்ளும்போது தலையாட்டிவிட்டு நிற்கிற வேலை என்ன மாதிரி என்று எனக்குத் தெரியும். அது உனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். அதுகூடப் பாதிதான். ட்ராக் சூட் போட்டு வெயிலில் கறுத்து நிற்கிற பெண்ணுக்கு நல்ல இடம் அமையுமா என்று பயந்தேன். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் வீட்டுக்கு நடந்து போய், "உங்க பொண்ண ஆட விடுங்க, ஒண்ணும் கெட்டுப்போயிடாது" என்று அப்பன்மாரிடம் மன்றாடியவன் நான். என் வீட்டுத் திண்ணையில் நானும் அதே அப்பனாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வருஷம் கழித்து இதை எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு கண்ணு.

மேட்ச் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாவது செட் 34-32 போனதே, அந்த மாதிரி ஒரு செட்டை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. என் காலத்தில் சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் பாயிண்ட், 15தான் கணக்கு. இப்போது விழுகிற ஒவ்வொரு பந்துக்கும் பாயிண்ட் என்பதால் மூச்சு விட நேரமில்லை. அந்த செட்டை லூயிவில் எடுத்தபோது நம்மைச் சுற்றி இருந்த சிவப்புச் சட்டைக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள், நானும் நின்றேன். ஆனால் அடுத்த இரண்டு செட்டும் 25-20, 25-17 என்று பென் ஸ்டேட் கைக்குப் போய்விட்டது. ஜெஸ் ம்ரூசிக் அன்றைக்கு ஸ்மாஷ் அடித்தே 29 பாயிண்ட் எடுத்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நான் லிஃப்டரை, அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவளைப் பார்த்தேன். இசி ஸ்டார்க், கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பிள்ளை. முதல் பாஸ் எவ்வளவு கோணலாக வந்தாலும் காலை முதலில் கொண்டுபோய்ப் பந்துக்கு அடியில் நிறுத்திவிட்டு அப்புறம்தான் கையைத் தூக்கினாள். "காலு போச்சுன்னா கை தானா போகும்" என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

அப்போதுதான் இரண்டு இடத்தில், யார் பக்கம் என்று ஞாபகமில்லை, பந்து கையில் இரண்டு தடவை பட்டுச் சுழன்று போனது போல எனக்குப் பட்டது. "டபுள் டச்!" என்று கத்திவிட்டேன். முன் வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நடுவர் விசில் ஊதவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த சீசன்ல இருந்து அது தப்பு இல்லப்பா. ரெண்டாவது டச்சுல, பந்து நம்ம பக்கமே இருந்தா, டபுள் பட்டாலும் ஆட்டம் போயிட்டே இருக்கும். எடுத்துட்டாங்க அந்த ரூல" என்றாய்.

கயல், அதற்குப் பிறகு நான் அரை மணி நேரம் மேட்சை ஒழுங்காகவே பார்க்கவில்லை. உனக்கு மட்டும் எத்தனை ஆயிரம் தடவை டபுளுக்கு ஊதியிருப்பேன்! விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, இருட்டின பிறகும் சுவரில் பந்து போட்டுப் பழகினாயே. நான் ஊதி ஊதி, நீ பந்தைத் தொடவே யோசிக்கிற மாதிரி ஆகி, ஒன்பதாம் வகுப்பில் ஒரு வருஷம் முழுக்க லிஃப்ட் போடுவதை விட்டுவிட்டு அண்டர்ஹேண்டிலேயே ஓட்டினாய். அதுதான் தர்மம் என்று நம்பித்தான் ஊதினேன்.

ஜெயித்த பென் ஸ்டேட்டின் கோச் கேட்டி ஷூமாக்கர்-காலி. அவரே 1999இல் இதே பென் ஸ்டேட்டுக்காக ஆடிக் கோப்பை வாங்கியவர். சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, கீமோ எடுத்துக்கொண்டே அணியை நடத்தியிருக்கிறார். நாம் உட்கார்ந்த உயரத்திலிருந்து எனக்கு அவர் முகம் தெரியவில்லை. அவர் நின்ற இடம் தெரிந்தது. கோட்டுக்கு வெளியே, வலைக்கும் பெஞ்சுக்கும் நடுவில், நான் முப்பத்தொரு வருஷம் நின்ற அதே இடம். அங்கே நீ நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். அதுவரை நான் ஒரு தடவைகூட அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

தோற்ற கோச்சைப் பற்றியும் நீதானே போனில் சொன்னாய். 25 வருஷம் நெப்ராஸ்காவை நடத்திய ஜான் குக் ஜனவரிக் கடைசியில் ஓய்வு பெற்று, அந்த இடத்துக்கு டேனி போகிறார் என்று. 2006இல் குக்கிடம் ஆடி நெப்ராஸ்காவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பெண். வாத்தியார் எழுந்த நாற்காலியில் மாணவி உட்காருகிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

ஆகையால் அந்த க்ளப்புக்குச் சரி என்று சொல்லிவிடு. தகுதியைப் பற்றிக் கேட்டாயே, பத்து வருஷம் தொடாததால் லிஃப்டரின் கண் போய்விடாது. அரையிறுதியில் நான் தூங்கப் போனபோது, பென் ஸ்டேட் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடித்தது நீதான்.

முதல் மாதம் வலைப்பக்கமே விடாதே. பெண்களுக்கு வலை 2.24 மீட்டர் உயரம், அதை அண்ணாந்து பார்த்தாலே சின்னப் பிள்ளைகளுக்குப் பயம் வந்துவிடும். லேசான பந்தாகக் கேட்டு வாங்கு, கனத்த பந்து முன்கையில் பட்டுச் சிவந்தால் மறுவாரம் வரமாட்டார்கள். ஜோடி ஜோடியாக நிறுத்தி, பந்தைப் பிடிக்காமல் பந்துக்கு அடியில் ஓடி நிற்க மட்டும் பழக்கு. உயரமான பிள்ளையைப் பார்த்ததும் அட்டாக்கர் என்று முடிவு கட்டாதே, ஒரு வருஷமாவது எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடட்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிடு. யாராவது அழுதால் எல்லார் முன்னாலும் காரணம் கேட்காதே.

பயிற்சியில் டபுளுக்கு மட்டும் விசில் ஊதாதே. பந்து கையில் உருளட்டும், சுழலட்டும். கை பயந்துவிட்டால் அப்புறம் லிஃப்ட் வராது.

என்னுடைய பித்தளை விசிலைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையின் சித்தி மகன் மார்ச்சில் சிகாகோ போகிறானாம், அவனிடம் அம்மா போடுகிற பருப்புப் பொடியோடு கொடுத்தனுப்புகிறேன். முதல் நாள் முடிந்ததும் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று சொல்.

அன்புடன்,
அப்பா