குணகத்தைக் கூட்டாதே, தம்பி

யாழ்ப்பாணம்

அன்பு மகனுக்கு,

நீ எழுதும் கைபேசி வாங்கி நிரலின் பிழை வீத வரைபை வடிவாய்ப் பார்த்தேன். நின்ற இடத்தில் கோடு சீராய் இறங்குகிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் மட்டும், சிக்னலை எவ்வளவு கூட்டினாலும் பிழை ஒரு மட்டத்துக்குக் கீழே போகவில்லை. அதற்காக ஈக்குவலைசரின், அதாவது எதிரொலியால் குழம்பிய சிக்னலைச் சீராக்கும் வடியின், 11 குணகங்களை (பெருக்கும் எண்களை) 21 ஆக்கப் போகிறாயாம். வேண்டாம் தம்பி.

ஜி.எஸ்.எம் (2ஜி) கைபேசி முறையில் ஒரு பிட் 3.69 மைக்ரோசெக்கன். அந்த நேரத்துக்குள் அலை 1.1 கிலோமீற்றர் ஓடிவிடும். மலையில்லாத எங்கட பக்கத்தில் அவ்வளவு சுற்றிவரும் எதிரொலி குறைவு. சானல், அதாவது அலை எதிரொலிகளோடு வரும் வழி, ஐந்து பிட் நீளமென்று வைத்தாலே தாராளம். கூட்டும் ஒவ்வொரு குணகமும் இரைச்சலையும் சேர்த்துக் கற்கும்.

இனி வேகத்தைக் கணக்கிடு. 900 மெகாஹேர்ட்ஸில், ஏ9 வீதியில் 60இல் ஓடும் பஸ்ஸுக்கு டொப்ளர் விலகல் (ஓட்டத்தால் அதிர்வெண் மாறும் அளவு) கூடினால் 50 ஹேர்ட்ஸ். ஒரு பேர்ஸ்ற், அதாவது ஒரு முறையில் அனுப்பும் பிட் தொகுதி, 577 மைக்ரோசெக்கன். அதற்குள் அவத்தை (அலை தன் சுழற்சியில் நிற்கும் இடம்) 10 பாகை அளவுதான் திரும்பும். வாங்கிக்கு முன்பே தெரிந்த 26 பயிற்சிப் பிட்டுகளையும் நடுவில் வைத்தபடியால், அங்கே அளந்தது இரு கரைக்கும் பொருந்தும். ஆனால் அடுத்த பேர்ஸ்ற்றுக்கு உன் முறை திரும்ப வர 4.615 மில்லிசெக்கன் ஆகிறது. அதற்குள் 83 பாகை திரும்பிவிடும்! உன் நிரலோ போன பேர்ஸ்ற்றின் குணகங்களோடு தொடங்குகிறது. பிழை அங்கேதான்.

பிழையைப் பார்த்துக் குணகங்களைப் படிப்படியாய் மாற்றும் எல்.எம்.எஸ் முறை திருத்திவிடும் என்று நம்பாதே. 26 பிட் அதற்குக் காணாது. ஒரு தடவையில் எவ்வளவு மாற்றுவது என்ற படியளவு மியூவின் எல்லை, 2ஐக் குணக எண்ணிக்கையாலும் உள்வரும் சக்தியாலும் வகுத்தால் வருவது. 11 குணகம், சக்தி 1 என்றால் 0.18. நடைமுறையில் அதில் பத்திலொன்றுதான் வைக்கலாம், ஏறக்குறைய 0.02. அப்போது நல்ல சானலிலேயே பிழை ஓரளவு அடங்க 50 பிட் வேணும். சில அதிர்வெண்கள் மிக மெலிந்து நிறமாலையில் ஆழமான பள்ளம் இருந்தால் இன்னும் பல மடங்கு. மியூவைக் கூட்டினால் கெதியாய் ஓடும், பிறகு ஓரிடத்தில் நில்லாமல் ஆடும்.

ஆகவே ஒவ்வொரு பேர்ஸ்ற்றிலும் சானலைப் புதிதாய் அள. முதலில் சிக்னலைப் பிட் ஒன்றுக்கு 90 பாகையாய்ப் பின்னோக்கித் திருப்பு. இதை மறந்தால் அடுத்த படியில் உச்சமே தெரியாது. பிறகு பயிற்சித் தொடரின் நடு 16 பிட்டை அதன்மேல் நகர்த்தி நகர்த்திப் பெருக்கிக் கூட்டு. இருபுறமும் ஐந்தைந்து பிட் நீட்டி அமைத்த தொடர் அது. ஐந்து பிட் தள்ளும்வரை பக்க உச்சங்கள் பூச்சியம், சானலின் குணகங்கள் நேரே கையில் வரும். அடுத்தடுத்த ஐந்தில் சக்தி கூடிய கூட்டத்தை எடுத்து, மிகப் பொருத்தமான பிட் தொடரைத் தேடும் விற்றெர்பி முறைக்குக் கொடு. ஐந்து குணகத்துக்கு அது பார்க்கவேண்டியது 16 நிலைகள், ஏழாக்கினால் 64.

பண்ணைக் கடலில் தெறிக்கும் அலையை இந்தக் கணக்கோடு சேர்க்காதே. கோபுரம் 30 மீற்றர், கைபேசி 1.5 மீற்றர், தூரம் 5 கிலோமீற்றர் என்றால் பாதை வித்தியாசம் 1.8 சென்ரிமீற்றர்தான். அதே பிட்தான் அவத்தை தலைகீழாய் வந்து நேரலையைத் தின்கிறது. எந்த ஈக்குவலைசரும் அதை மீட்காது, அன்ரெனாவை உயர்த்தவேணும்.

முதலில் பழைய குணகங்களை அழிக்கும் மாற்றத்தை மட்டும் செய்து, அதே 60இல் ஓட்டிப் பார்த்து வரைபை அனுப்பு.

அம்மா