2024-25 ஆண்டறிக்கை: நினைவுப் பெட்டியும் சந்தா பாக்கியும்

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் இருந்துவிட்டு அப்புறம் வாட்ஸ்அப்பில் இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஜூனில் நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். செப்டம்பர் குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம், தங்க நிற ரிப்பன் குத்திக்கொண்டோம். அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உலக ஹாஸ்பைஸ் (கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் இடம்) தினத்துக்கு ஒரு கூட்டம், தீபாவளிக்கு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் புதுத்துணி, பிப்ரவரி 15 அன்று ரத்ததான முகாம். படங்கள் எல்லாம் குரூப்பில் இருக்கின்றன. தீபாவளிப் படத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

நினைவுப் பெட்டி பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செயற்குழுவில் செயலாளரான என்னிடம் அதிகம் கேள்வி கேட்டது இதற்குத்தான், கேட்டவர்களில் ஒருவர்கூட வார்டுக்குள் வந்து பார்த்ததில்லை.

கடுமையான நோயில் இருக்கும் குழந்தையோடும் அதன் குடும்பத்தோடும் உட்கார்ந்து, பிற்பாடு வீட்டில் வைத்துக்கொள்ள ஏதாவது செய்து ஒரு பெட்டியில் போட்டுக் கொடுக்கிறோம். கை அச்சு, கால் தடம், ஒரு கொத்து முடி (கீமோ தொடங்கும் முன் எடுத்தால்தான் உண்டு), தம்பிக்கு எழுதிய கடிதம், குழந்தையின் குரல், டாக்டர் உதவியோடு ஸ்டெதஸ்கோப்பில் போனை வைத்துப் பதிவு செய்த இதயத் துடிப்பு. குணமாகிப் போகும் குழந்தைகளுக்கும் இதையே செய்கிறோம். அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

அச்சுக்கு வாங்குவது ஆல்ஜினேட், பல் டாக்டர்கள் அளவெடுக்க வாயில் வைக்கிற அதே பவுடர். தண்ணீரில் குழைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும், அதற்குள் கையை வைத்து எடுத்து, அந்தக் குழியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்ற வேண்டும். குளிர்ந்த தண்ணீர் என்றால் இறுகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குக் குளிரும், அதனால் எப்போதும் அவசரம்தான். வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் குத்தி வைக்கும் ஊசிக்குழாய்) போட்ட கையைத் தொடமாட்டோம், மறு கைதான். ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருந்தால் தொற்று எளிதில் பற்றும், அதனால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை கிட்டவே போவதில்லை. கிண்ணமும் பவுடரும் ஒரு குழந்தைக்கு ஒரு தடவைதான், மிச்சம் குப்பைக்கு. "ஏன் இவ்வளவு வாங்குகிறீர்கள்" என்று கேட்ட பெரியவருக்கு இதுதான் பதில்.

அபசகுனம் என்றார்கள். உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு அச்சு எடுப்பதா, இதெல்லாம் வெள்ளைக்காரப் பழக்கம் என்றார்கள். தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனை? கோகுலாஷ்டமிக்கு அரிசி மாவில் பிள்ளையின் காலை நனைத்து வாசலிலிருந்து பூஜை அறை வரை நடக்க விடுகிறோமே, அது என்ன? போன ஆகஸ்டில் அதே மாவைத்தான் வார்டுக்கு எடுத்துப்போய் கறுப்புச் சார்ட்டில் கால் தடம் எடுத்தோம். அதுவரை எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட பாட்டிகளே கூப்பிட்டு, "எங்க பிள்ளைக்கும் வை" என்றார்கள். மற்ற மதத்துக் குடும்பங்களும் கேட்டார்கள்.

குழந்தைக்கு விஷயம் தெரிந்துவிடும் என்பது இன்னொரு பயம். அதற்குப் பெரும்பாலும் முன்பே தெரியும். மைரா ப்ளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970களில் ரத்தப் புற்றுநோய் வார்டில் குழந்தைகளோடு இருந்து பார்த்துச் சொன்னது இது: மூன்று வயதிலிருந்து ஒன்பது வயதுக் குழந்தைகள்கூடத் தங்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு, பெற்றோர் மனம் நோகக் கூடாது என்று தெரியாததுபோல் இருந்தார்கள். ஸ்வீடனில் புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் கேட்ட ஆய்வு 2004ல் வந்தது. பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருத்தப்படவில்லை, பேசாத 258 பேரில் 69 பேர் பேசியிருக்கலாமே என்றார்கள். அதற்காக நாம் போய் யாரிடமும் சாவைப் பற்றிப் பேசுவதில்லை, அது டாக்டர், பெற்றோர் வேலை. நாம் மாவைக் குழைப்போம், பிள்ளை தானாகப் பேசினால் கேட்போம்.

பதினோரு வயதுப் பையன் ஒருவன் அச்செல்லாம் வேண்டாம் என்றுவிட்டான், கை பிசுபிசுக்கிறதாம். ரெக்கார்டர் மட்டும் கேட்டான். தம்பிக்கு நீளமாக ஒரு திட்டு: சைக்கிளை வெயிலில் நிறுத்தாதே, டியூப் போயிடும், செயினுக்குச் சமையல் எண்ணெய் விடாதே, பின் பிரேக்கை முதலில் பிடி. அப்பா திருப்பூரில் வேலை, மாதம் ஒருமுறை வருபவர், போனில் கேட்டுவிட்டு இன்னொரு தடவை அனுப்பச் சொன்னார். போன் தொலையும், மாற்றுவார்கள் என்பதால் குரல் பதிவை இரண்டு பென்டிரைவில் போட்டுத்தான் கொடுக்கிறோம். அந்தக் காசுக்கு ரத்தப் பரிசோதனை செய்திருக்கலாம் என்று ஒரு உறுப்பினர் சொன்னார். ஒரு பென்டிரைவ் விலையில் என்ன பரிசோதனை செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியப்படுத்தினால் நல்லது.

சிறு பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள், அது ஆஸ்பத்திரி விதி. தம்பி தங்கைகளின் கையை வராந்தாவில் வைத்து அச்செடுத்து, உள்ளே எடுத்த கையோடு ஒரே பலகையில் ஒட்டுகிறோம். இதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஆள்தான் இல்லை. பயிற்சி நாளில் மண்டபம் நிறைந்தது, பிரியாணி போதவில்லை. வார்டுக்கு வந்தவர்கள் ஒரு ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். மனசு தாங்காது என்கிறார்கள், புரிகிறது. பெட்டிக்குத் துணி தைக்க, கடிதத்தைத் தட்டச்சு செய்ய, பவுடர் வாங்கி வர மனசு தாங்கும் அல்லவா?

இரண்டு விஷயம் கண்டிப்பாக. ஒரு குழந்தையின் முகத்தை ஸ்டேட்டஸில் போட்டவர் அதை எடுத்துவிட்டார், சரி, இனி பெட்டிக்கான பதிவுக்குத் தவிர வார்டில் யாரும் போனை வெளியே எடுக்கக் கூடாது. அப்புறம், பெட்டி மூடியில் நன்கொடையாளர் பெயர் அச்சடிக்கக் கேட்டார்கள், மறுத்தேன், அந்த நன்கொடை போனது. பெட்டி அந்தக் குடும்பத்துடையது.

கணக்கை ஆடிட்டர் பார்த்துவிட்டார், பொருளாளர் வாசிப்பார். வரவைவிடச் செலவு கொஞ்சம் கூட, வித்தியாசத்தைப் பழைய இருப்பிலிருந்து சரிக்கட்டினோம். பாதிப் பேருக்கு மேல் சந்தா கட்டவில்லை. "நான் கட்டினேனே" என்பவர்கள் ரசீதில் எந்த வருடம் என்று பார்க்கவும். ரூ.2,000க்கு மேல் நன்கொடையை ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடையாது, காசோலை அல்லது ஜிபே.

தலைவருக்கும், செயற்குழுவுக்கும், மண்டபம் தந்தவருக்கும் நன்றி. வார்டு சிஸ்டர்களுக்குத் தனியாக நன்றி, அவர்கள் கண்டும் காணாமல் விட்டதால்தான் பாதி வேலை நடந்தது.

அடுத்த ஆண்டு பற்றி. கடைசி நாளில் கூப்பிடுகிறார்கள், அப்போது வீங்கிப்போன கையில் என்ன செய்வது? வலி தணிக்கும் சிகிச்சையையே நோய் தெரிந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், நாமும் அப்போதே போக வேண்டும். செயலாளர் பொறுப்பை யாராவது எடுத்துக்கொண்டால் சந்தோஷமாகச் சாவியைக் கொடுக்கிறேன், ஆனால் வாரம் ஒரு மதியம் வார்டில் இருக்க வேண்டும். யாரும் கை தூக்காவிட்டால் நானே பார்க்கிறேன், வேறு வழி? கையிருப்புப் பவுடர் ஜூலை வரைதான் வரும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், சாப்பாட்டுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும்.