வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: டிசம்பர் பச்சைப் பானத்தைப் பாட்டிலில் வாங்க வேண்டாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பள்ளிக்கூடம் மூடியாயிற்று. ஜோகன்னஸ்பர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் இருக்கிற அண்ணன் தம்பி குடும்பமெல்லாம் என்3 சாலையில் இறங்கி வந்துகொண்டிருக்கிறது. சாட்ஸ்வர்த்தில் எந்த வீட்டை எட்டிப் பார்த்தாலும் தரையில் மெத்தை, வாசலில் நாலு கார், அடுப்பில் பிரியாணி அண்டா. டர்பன் புழுக்கத்தில் வந்து இறங்குகிற இருபது பேரும் முதலில் கேட்பது குடிக்க என்ன இருக்கிறது என்பதைத்தான்.

கிறிஸ்துமஸ் நிறம் சிவப்பும் பச்சையும். பண்டிகை நெருங்கினால் கடையில் ஒரே கேள்வி: "சிவப்புக்கு ரோஸ் சிரப் இருக்கு. பச்சைக்கு என்ன இருக்கு, சீக்கிரம் எடுங்க." நாங்கள் கூல்டிரிங்ஸும் விற்கிறவர்கள்தான். இருந்தாலும் சொல்கிறோம், பச்சைக்காக டிராலி நிறைய இரண்டு லிட்டர் பாட்டில்களை அடுக்காதீர்கள். சீனி, புதினா, கொஞ்சம் சோடா போதும், வீட்டிலேயே செய்துவிடலாம். காசு எங்கே மிச்சமாகும், எங்கே ஆகாது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். இந்த மடலின் ஆங்கிலப் பிரதி கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம், பிள்ளைகளுக்கு எடுத்துக்கொடுங்கள்.

முதலில் கணக்கு. ஒரு கிலோ சீனியின் விலையும் ஒரு இரண்டு லிட்டர் பாட்டிலின் விலையும் இப்போது ஏறக்குறையப் பக்கத்தில்தான் நிற்கின்றன. அந்த ஒரு கிலோ சீனியை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு கொதி வரவிட்டு இறக்கினால் ஒரு லிட்டருக்குச் சற்று மேலேயே பாகு கிடைக்கும். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம், சீனி முழுக்கக் கரைந்தால் போதும். ஒரு கிளாஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி. அப்படி ஊற்றினால் 35 கிளாஸ் தாராளமாக வரும், பாட்டில் கணக்கில் நாலுக்கு மேல். இனிப்பும் கடை கூல்டிரிங்ஸ் அளவுக்குத்தான் இருக்கும். குறைத்துக்கொள்வது உங்கள் கையில், அதுவே வீட்டில் செய்வதன் பெரிய வசதி.

வரியும் இதில் இருக்கிறது. 2018 ஏப்ரலிலிருந்து இந்த நாட்டில் இனிப்புப் பானங்களுக்குச் சீனி வரி உண்டு. 100 மில்லியில் முதல் 4 கிராமுக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் 2019 முதல் 2.21 சென்ட். 100 மில்லிக்குப் பத்து கிராம் சீனி போட்ட இரண்டு லிட்டர் பாட்டில் என்றால் இந்த வரி மட்டும் 2 ராண்ட் 65 சென்ட், அதன் தலையில் 15 சதவீத வாட் வேறு. பாலுக்கும் அமாசி என்கிற கெட்டியான புளித்த பாலுக்கும் பச்சைக் காய்கறி, பழத்துக்கும் வாட் கிடையாது. சீனி போடாத வெறும் சோடாவுக்குச் சீனி வரி கிடையாது. வெள்ளரிக்காயும் திராட்சையும் அமாசியும் வாங்கினால் அந்த அளவுக்கு அரசாங்கம் உங்கள் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இந்த ஊரில் பச்சை என்றாலே பிள்ளைகளுக்கு கிரீம் சோடாதான். வேறு நாட்டிலிருந்து வருகிறவர்கள் கிரீம் சோடா இவ்வளவு பச்சையாக இருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நம் ஊர்க்காரர்களோ 'பச்சை ஆம்புலன்ஸ்' என்று செல்லப் பேர் வைத்து, முந்தின நாள் கூத்துக்கு மறுநாள் காலை மருந்து மாதிரி குடிப்பார்கள். அதில் இருப்பது என்ன? சீனி, வனிலா வாசனை, பச்சை நிறம், வாயு. ஆறின பாகு ஒரு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் வனிலா எசென்ஸ், நாலைந்து சொட்டு பச்சை ஃபுட் கலர். அவ்வளவுதான். மூடி போட்ட சுத்தமான பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மாதக் கடைசி வரை கெடாது. கடையில் விற்கிற பச்சைக் கலர் பெரும்பாலும் மஞ்சளும் நீலமும் கலந்ததுதான். அந்த மஞ்சள் பல நேரம் டார்ட்ராசின். அது ஒத்துக்கொள்ளாத பிள்ளை வீட்டில் இருந்தால் லேபிளைப் பார்த்து வாங்குங்கள், பேர் போட்டிருக்கும்.

கிரீம் சோடாவில் மட்டும் சோடாவுக்குக் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். வீட்டுப் பானத்தில் காசு போகிற இடம் வாயுதான். இதற்கு முழுக்க சோடாவே ஊற்ற வேண்டும், அதுவும் நன்றாகக் குளிர்ந்த சோடா. சூடான சோடாவில் வாயு நிற்காது. பெரிய ஜக்கில் கலந்து மேசையில் வைக்கிற பழக்கம் வேண்டாம், கால் மணி நேரத்தில் சர்க்கரைத் தண்ணீராகிவிடும். கிளாஸில் பாகு, அதன் மேல் சோடா, குடிக்கிறவர் கையில் கரண்டி. வனிலா ஐஸ்கிரீம் போட்டு ஃப்ளோட் செய்வதானால் கிளாஸில் முக்கால் வரை ஊற்றிவிட்டு அப்புறம் ஐஸ்கிரீமை மெதுவாக இறக்குங்கள். முதலில் ஐஸ்கிரீம் போட்டு மேலே சோடா ஊற்றினால் நுரை பொங்கி மேசைவிரிப்பெல்லாம் பச்சையாகிவிடும்.

அடுத்தது புதினா. இதில்தான் நிறையப் பேர் மனம் நொந்து கடைக்கு வந்து கேட்கிறார்கள்: "அரைக்கும்போது கிளிப்பச்சையா இருந்துச்சு, விருந்தாளிங்க வர்றதுக்குள்ள பாசி பிடிச்ச தண்ணி மாதிரி ஆயிடுச்சு, ஏன்?" புதினா மேல் குற்றமில்லை, எலுமிச்சை மேல்தான். இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம். அதன் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. புளிப்பு பட்டால் அது கழன்றுபோகும், பச்சை மங்கிப் பழுப்பு கலந்து போகும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாக நடக்கும். இலையைக் கசக்கினாலும் அரைத்தாலும் அதிலுள்ள என்சைம் வேறு வேலை காட்டும்.

ஆகவே செய்முறை இப்படி. புதினா இலையை மட்டும் ஆய்ந்து, இரண்டு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, பதினைந்து எண்ணுவதற்குள் அரிகரண்டியால் அள்ளி ஐஸ் தண்ணீரில் போடுங்கள். போட்ட கணத்தில் இலை இன்னும் பளிச்சென்று மாறுவது கண்ணுக்கே தெரியும். என்சைம் அடங்கிவிடும், ஐஸ் தண்ணீர் மேற்கொண்டு வேகவிடாமல் நிறுத்திவிடும். பிழிந்து, ஒரு கப் ஆறின பாகோடு மிக்ஸியில் அரைத்து வடிகட்டுங்கள். சூடான பாகில் அரைத்தால் பட்டபாடு வீண். கொதிக்கிற தண்ணீரில் ஆப்பசோடா போட்டால் நிறம் தூக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் ஒரு சிட்டிகை கூடினாலும் சோப்பு வாசம் வந்துவிடும், எங்கள் யோசனை வேண்டாம் என்பதே.

இந்தப் புதினாப் பாகு ஃப்ரிட்ஜில் நாலு நாள் இருக்கும். ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் பண்டிகை முடியும் வரை கவலையில்லை, சீனி அதிகம் என்பதால் கல்லாக மட்டும் உறையாது. ஒரு கிளாஸுக்கு டிரேயின் இரண்டு குழிப் பாகு, பாதி குளிர்ந்த தண்ணீர், பாதி சோடா. எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், அது கிளாஸை நீட்டுவதற்குச் சற்று முன்னால் மட்டும்.

எலுமிச்சம்பழம் இங்கே டிசம்பரில் விலை ஏறும். அதன் பருவம் குளிர்காலம். பத்துப் பழம் வாங்கிப் பிழிவதற்குப் பதில் சின்னப் பாக்கெட் சிட்ரிக் ஆசிட் வாங்கிக்கொள்ளுங்கள். அரை டீஸ்பூன் ஒரு பெரிய பழத்தின் புளிப்புக்கு ஈடு. வாசனைக்காக ஒரே ஒரு பழத்தின் தோலைத் துருவிச் சேர்த்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பட்டர் ஃப்ரூட் என்று சொல்கிற அவகேடோ மில்க்‌ஷேக் ஆசை இருந்தால் இப்போது அடக்கிக்கொள்ளுங்கள், அது மார்ச்சுக்கு மேல் மலிவாகும்.

நிறத்துக்குக் கீரை சேர்க்கலாமா என்று சிலர் கேட்டார்கள். சேர்க்கலாம், ஆனால் இந்த ஊர்க் கடைகளில் ஸ்பினிச் என்று பெரிய கட்டாக விற்பது பெரும்பாலும் சுவிஸ் சார்ட். தடித்த வெள்ளைத் தண்டு இருக்கும், மண் வாசம் அடிக்கும். பானத்துக்கு பேபி ஸ்பினிச் இலை நாலைந்து போதும். புதினா வாசம் அதை மூடிவிடும். தோலோடு அரைத்த வெள்ளரிக்காய் இன்னும் நல்லது, வடிகட்டினால் இளம்பச்சைத் தண்ணீர் கிடைக்கும், சீனி பாதியாகக் குறைந்தாலும் ருசிக்கும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது எதுவென்றால் நீர்மோர்தான், சீனியே இல்லாதது. தயிர் வாங்கிக் கடைய வேண்டாம். அமாசி இருக்கிறதே! ஜூலு வீடுகளில் பாப் என்கிற சோளமாவுக் களியோடு சாப்பிடுகிற அதே அமாசி, இரண்டு லிட்டர் பாட்டிலாக எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. கெட்டி, அளவான புளிப்பு, நீர்மோருக்கென்றே செய்தது போல. ஒரு கப் அமாசிக்கு இரண்டு கப் ஐஸ் தண்ணீர், உப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம். தனியா இலை என்று நாம் சொல்கிற கொத்தமல்லி ஒரு கைப்பிடி, நாலு புதினா, ஒரு பச்சைமிளகாய், சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி, கொஞ்சம் கறிவேப்பிலை. இவற்றைத் தனியாக விழுதாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அமாசியும் புளிப்புதானே, அதனால் பரிமாறும்போதுதான் கலக்க வேண்டும். பிரியாணிக்குப் பிறகு வயிறு இதற்கு நன்றி சொல்லும். ஒரு துளி கலர் வேண்டாம், சோடா வேண்டாம், மொத்தப் பட்டியலிலும் மலிவானது இதுதான்.

பால் பானம் கேட்கிறவர்களுக்கு ஃபலூதா. ரோஸுக்குப் பதில் ஏலக்காயும் இரண்டு சொட்டுப் பச்சையும் போட்டால் போதும். பிஸ்தா விற்கிற விலையில் அதை அரைத்துப் பாலில் கரைக்கச் சொல்ல எங்களுக்கே மனம் வரவில்லை, வேண்டுமானால் மேலே நாலு சீவல் தூவுங்கள். சப்ஜா விதை ஒரு டீஸ்பூனை ஒரு கப் தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவைத்தால் நாலு கிளாஸுக்கு வரும். அதற்குப் பதிலாகச் சியா விதையை அதிக விலைக்கு வாங்கிவிடாதீர்கள். சப்ஜா முழுக்கக் கறுப்பு, சில நிமிஷத்தில் உப்பி வெள்ளைத் தோல் கட்டும். சியா சாம்பலும் புள்ளியுமாக இருக்கும், ஊற நேரம் பிடிக்கும். பால் பானத்தில் எலுமிச்சை மட்டும் சேர்க்காதீர்கள், திரிந்துவிடும்.

ஐஸுக்கும் ஒரு வழி உண்டு. ஆரஞ்சு ஆற்றுப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விதையில்லாப் பச்சைத் திராட்சை இந்த மாதம் கிடைக்கும். கழுவித் துடைத்து உறையவைத்தால் ஐஸ் கட்டிக்குப் பதில் அதையே போடலாம். உருகிப் பானத்தை நீர்த்துப்போகச் செய்யாது, கடைசியில் சாப்பிடவும் ஆயிற்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுத் திராட்சையைத் தராதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நாலாக நறுக்கி, உறைய வைக்காமல் கொடுங்கள்.

பெரியவர்கள் சிலர் பெப்பர்மின்ட் லிக்கர் மேல் அமருலா ஊற்றிய ஸ்பிரிங்பாக்கி பற்றிக் கேட்டார்கள். எங்கள் கடையில் மது கிடையாது. வீட்டில் செய்கிறவர்கள் அதைத் தனி மேசையில் வையுங்கள், ஒரே பச்சையில் இரண்டு ஜக் இருந்தால் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது.

வீட்டில் செய்தால் விருந்தாளிகள் என்ன நினைப்பார்களோ என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. இந்த நாட்டில் டிசம்பர் என்றால் பக்கத்துத் தெருவில் கெமெரே, அதுதான் ஜிஞ்சர் பியர், வாளி வாளியாகப் புளிக்கவைக்கிறார்கள். கடையில் வாங்கி வைத்தால்தான் அங்கே ஏளனம்.

புதினாவும் கொத்தமல்லியும் விடியற்காலையில் வரும், பத்து மணிக்குள் தீர்ந்துபோகிறது. வேண்டுவோர் முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவைத்தால் ஈரத்துணியில் சுற்றி எடுத்து வைப்போம். சப்ஜா, சிட்ரிக் ஆசிட், வனிலா எசென்ஸ் ஆகியவற்றைச் சின்னப் பாக்கெட்டாகவும் தருகிறோம், ஒரு பண்டிகைக்காகப் பெரிய டப்பா வாங்க வேண்டியதில்லை. 24ஆம் தேதி மதியம் இரண்டு மணி வரை கடை திறந்திருக்கும். 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. ஜனவரி 1 அன்று காலை மட்டும் திறப்போம், கடற்கரைக்குப் போகிறவர்கள் சோடாவும் ஐஸும் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் மளிகைக் கடையினர்
சாட்ஸ்வர்த், டர்பன்