மருமகனுக்கு: நீ எழுதிய அந்த ஒரு வரி பற்றி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமி எழுதுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஊர் பார்க்க எழுதியதற்கு ஊர் பார்க்கவே பதில் எழுதவேணும் என்று பட்டது. உன் பெயரை இங்கே போடவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

போன கிழமை நீ முகநூலில் ஒரு வீடியோ போட்டிருந்தாய். ஊர்காவற்றுறை நீதிமன்ற வாசல். நம் கடலில் மீன்பிடித்துப் பிடிபட்ட இந்திய மீனவர்களை இரண்டிரண்டு பேராக விலங்கு மாட்டி பஸ்ஸிலிருந்து இறக்குகிறார்கள். கடைசியாக இறங்கிய பெடியனுக்கு உன் வயதுகூட இராது. காலில் செருப்பில்லை. ஒரு கை பக்கத்தில் நிற்பவரோடு பிணைத்துக் கிடக்கிறது, மற்றக் கையால் அவிழப் பார்க்கும் சாரத்தைப் பிடித்துக்கொண்டு படியில் தடுமாறுகிறான். அந்த வீடியோவுக்கு மேலே நீ எழுதியிருந்தாய்: "கள்ளத்தோணியளைக் கடலிலயே தாட்டிருக்க வேணும்."

கீழே உங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் இரண்டே வசனம் எழுதியிருந்தான். "இவர்கள் கூலிக்கு வந்தவர்கள். படகு முதலாளியைப் பிடியுங்கள்." அரை மணித்தியாலத்துக்குள் அவன் துரோகி ஆகிவிட்டான். அவனுடைய கடைக்கு யாரும் போகக்கூடாது என்று ஒருவர் எழுதினார். இணையவழிப் பாதுகாப்புச் சட்டத்தில் பொலிசுக்குக் கொடுக்கலாம் என்று இன்னொருவர் எழுதினார். அதற்கு நீ கைதட்டுகிற படம் போட்டாய். இரவு நான் திரும்பப் பார்த்தபோது அவன் எழுதியதைக் காணவில்லை. அழித்துவிட்டான்.

முதலில் உன் கோபத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது நியாயமான கோபம். மாதகல் கடற்கரையில் நின்று பார்த்தால் இந்திய இழுவைப்படகுகளின், நாம் சொல்கிற ரோலர்களின், வெளிச்சம் கடலுக்குள் ஒரு பட்டினம் மாதிரித் தெரியும். அவை வருகிற திங்கள், புதன், சனி என்றால் கடலுக்குப் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கிற அளவுக்கு அது நம் வாழ்க்கையாகிவிட்டது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அந்த நாட்களில்தான் என் தம்பி, உன் கொப்பர், நிம்மதியாக வலை போட்டுவிட்டு வந்து நித்திரை கொள்கிறார்.

அவருடைய நண்டு வலை அறுபட்ட அன்று நானும் அங்கேதான் இருந்தேன். முப்பது துண்டு போட்டதில் நாலு துண்டுதான் கரைக்கு வந்தது. அந்த நாலையும் விறாந்தையில் விரித்துப்போட்டு, வலை ஊசியைக் கையில் எடுத்தவர், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மிதப்புக் கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். மேல்கயிறு கத்தியால் வெட்டின மாதிரி இல்லை, முறுக்கிப் பிய்த்த மாதிரி இருந்தது. ரோலர் இழுக்கிற வலை, அந்த இழுவைமடியின் வாயை விரித்து வைக்கிற கனத்த பலகைகள் அடியில் உழுதுகொண்டு போகும்போது அகப்படுகிற எல்லாம் அப்படித்தான் போகும். கடல்தாழை, மீன்குஞ்சு, முட்டை, நம் வலை, எல்லாமும். பாக்குநீரிணை ஆழமில்லாத கடல். அதை இப்படி உழுதால் அது திரும்ப முளைக்கக் காலம் எடுக்கும். மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதிய காலத்தில் வலைச் சேத விண்ணப்பங்களை என் கையாலேயே நிரப்பியிருக்கிறேன். "இழப்பீடு கிடைக்குமா அக்கா" என்று கேட்டவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே இழுவைமடி நிற்கவேணும் என்று நீ எழுது. இன்னும் உரத்து எழுது. நம் நாட்டில் 2017இலேயே சட்டம் போட்டுத் தடைசெய்த தொழில் அது. 1976இல் இரண்டு அரசாங்கங்களும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் தொழில் செய்யக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அதைச் சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. உன்னை யாராவது "இந்தியாவைப் பகைக்கலாமா, தமிழ்நாட்டுச் சனத்தை நோகடிக்கலாமா" என்று அடக்க வந்தால் நான் உன் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் அந்தச் சொல் இருக்கிறதே, கள்ளத்தோணி. அது எங்கிருந்து வந்தது தெரியுமா உனக்கு? மலையகத்தில் தேயிலை நட்ட சனத்தைப் பார்த்து இந்த நாடு சொன்ன சொல் அது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவனையும் "தோணியில் களவாக வந்தவன்" என்று சொல்லிப் பழகியிருந்தபடியால்தான் அப்படி ஆட்களைப் பிரித்து எழுதும்போது யாருக்கும் கை கூசவில்லை. யாழ்ப்பாணத்தாரும் அந்தச் சொல்லைச் சொன்னோம். "வடக்கத்தியான்", "தோட்டக்காட்டான்" என்றும் சொன்னோம். வன்னிக்கு வந்து நம் வயல்களிலும் வீடுகளிலும் வேலை செய்தவர்களைப் பார்த்து எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம், 1990. இது உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் முழுக்கச் சொன்னதில்லை. கொப்பருக்கு அப்போது ஏழு வயது. போருக்குத் தப்பி அம்மாவும் நாங்கள் மூன்று பிள்ளைகளும் மன்னாருக்குப் போய், பேசாலைக் கரையிலிருந்து இரவில் ஒரு வள்ளத்தில் ஏறினோம். கடவுச்சீட்டு இல்லை, ஒரு துண்டுக் காகிதம் இல்லை. விடியப்புறம் தனுஷ்கோடிப் பக்கத்து மணல்திட்டில் இறக்கிவிட்டார்கள். தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தேன். அங்கே வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து அம்மாவின் கைப்பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு வயதான அம்மா பழைய சோற்றைக் கரைத்துத் தந்தார். உப்புக் கூடின கஞ்சி. அதற்குப் பிறகு எத்தனையோ கஞ்சி குடித்திருக்கிறேன், அந்த ருசி மட்டும் நாக்கில் நிற்கிறது. எங்களை அவர் கள்ளத்தோணி என்று சொல்லவில்லை. மெய்யாகவே கள்ளத்தோணியில் போனவர்கள் நாங்கள்.

மண்டபம் அகதி முகாமில் இருந்தபோது 1991 மே 21 வந்தது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட மறுநாளிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்த பிள்ளை வேறு வாங்குக்குப் போய்விட்டாள். கொப்பரைப் பொடியன்கள் "புலி, புலி" என்று துரத்தினார்கள். எட்டு வயதுப் பிள்ளை, முழங்காலில் இரத்தத்தோடு வந்து, "அக்கா, நான் என்ன செய்தனான்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கேயோ யாரோ செய்ததற்கு ஒரு சனத்தையே குற்றவாளி ஆக்கும்போது, அடி விழுவது கிட்டத்தில் நிற்கிற, திருப்பி அடிக்க முடியாத ஆளுக்குத்தான். அந்தக் கேள்வியைக் கேட்டவனின் மகன் நீ. நீதிமன்றப் படியில் தடுமாறினவனைப் பார்த்து நீ அந்த வரியை எழுதினாய் என்பதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

இன்னொன்றும் கேள். 2021 ஜனவரியில் நெடுந்தீவுக் கடலில் ஒரு இந்திய ரோலர் மூழ்கி நாலு பேர் செத்தார்கள். தங்கள் கப்பலோடு மோதியது என்று கடற்படை சொன்னது. அந்த நாலு பேரில் ஒருவர் நம் ஆள். மண்டபம் முகாமில் இருந்த இலங்கை அகதி, கூலிக்குக் கடலுக்கு வந்தவர். நீ "தாட்டிருக்க வேணும்" என்று எழுதுகிற படகில் யார் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது மருமகன்.

இரண்டு கரைச் சனமும் கூடுகிற கச்சதீவுத் திருவிழாவுக்கு ஒருமுறை போயிருந்தேன் அல்லவா. இரவு சிலுவைப்பாதை முடிந்து மணலில் படுத்துக் கிடந்தபோது பக்கத்தில் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தி. நான் சந்தன சவர்க்காரம் இரண்டு கொடுத்தேன், அவள் கருப்பட்டி தந்தாள். தம்பியின் வலை அறுந்த கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு விசைப்படகு வேலைக்குத்தான் போறாரு. டிரைவர் எங்க விடுறாரோ அங்கதான். வலை மாட்டி அறுந்துச்சுன்னா அன்னிக்கு வந்து சரியா சாப்புட மாட்டாரு. அதுவும் ஒரு சம்சாரியோட வலைதானேன்னு சொல்லுவாரு." அவள் சொன்னதால் நம் நட்டம் குறைந்துவிடாது. ஆனால் அதைக் கேட்ட பிறகு "இந்தியாக்காரன்" என்று ஒரே முகமாக நினைக்க என்னால் முடியவில்லை. அந்தக் கரையிலும் நாட்டுப்படகுக்காரர் இழுவைமடிக்கு எதிராகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள், அவர்களின் கடலையும் அதுதான் வழித்தது. இந்தக் கரையிலும், நம் குருநகரிலேயே ரோலர் வைத்திருந்தவர்கள் உண்டு. மடிக்கு நாடு கிடையாது.

285 ஏக்கர் தீவு ஒன்றை வைத்து மேலே இருப்பவர்கள் கதைக்கிற கதை வேறு. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கச்சதீவை மீட்கவேணும் என்று தீர்மானம் போட்டது. செப்டம்பரில் நம் ஜனாதிபதி நேரே அங்கே போய் நின்றார். தீவு யாருடையது என்ற கதையில் வலையைப் பற்றிய கதை காணாமல் போய்விடுகிறது. அதை இங்கே இழுத்து நீட்ட விருப்பமில்லை.

இப்போது, நீங்கள் துரோகி என்ற உங்கள் ஊர்ப் பெடியனின் விடயம். உண்மையில் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவன் சொன்னது சரியோ பிழையோ, அவன் சொல்லலாம். அவனுக்குப் பதில் எழுதியிருக்கலாம் நீ. "கூலிக்கு வந்தாலும் அறுந்தது என் அப்பாவின் வலை" என்று எழுதியிருந்தால் நானே உனக்கு விருப்பம் போட்டிருப்பேன். நீங்கள் பதில் எழுதவில்லை. துரோகி என்றீர்கள். அந்தச் சொல் யாழ்ப்பாணத்தில் என்ன செய்தது என்று உன் வயதுக்காரருக்குத் தெரியாமல் போனது எங்கள் பிழையும்தான். நாங்கள் வாய் திறந்து சொல்லவில்லை. ராஜினி திராணகம யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் படிப்பித்தவர். இந்திய இராணுவம் இங்கே செய்ததையும் எழுதினார், நம் இயக்கங்கள் செய்ததையும் எழுதினார். 1989 செப்டம்பர் 21, வளாகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். பதினோரு வருடம் கழித்து, 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், பத்திரிகையாளர் நிமலராஜனை அவர் வீட்டிலேயே சுட்டார்கள். 2006 மே 2இல் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு பேரைக் கொன்றார்கள். வாயை மூடவைக்க ஆள் வந்துகொண்டே இருந்த ஊர் இது. கொஞ்சம் வாய் திறக்கக்கூடிய காலம் வந்திருக்கிறது. அந்த வேலையை இப்போது நாமே எடுத்துச் செய்யலாமா?

பொலிசுக்குக் கொடுக்கலாம் என்றதற்குக் கைதட்டினாயே, அதற்கும் ஒரு கதை. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமை 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். அவர் தமிழில் எழுதிய கவிதைகளில் தீவிரவாதம் இருக்கிறதாம். அவருடைய கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை. பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது, குற்றமற்றவர் என்று விடுதலை ஆக 2023 டிசம்பர் ஆனது. அதற்கு முன், 2019இல், சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக நாலு மாதம் விளக்கமறியலில் கிடந்தார். அவரைப் பிடித்தது இன, மதப் பகையைத் தூண்டுவதைத் தடுக்கவென்று வந்த சட்டத்தில். இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் 2024இல்தான் வந்தது, எழுதுகிறவர்கள் அதற்கு எதிராகக் குரல் கொடுத்தபோதும் வந்தது. இன்றைக்கு அந்தப் பெடியனுக்கு எதிராக அதைக் கூப்பிட்டால், நாளைக்குக் கடற்படையைப் பற்றியோ காணியைப் பற்றியோ நீ எழுதும்போது உன் வாசலுக்கும் அது வரும்.

அதனால்தான் உன்னையும் யாரிடமும் பிடித்துக் கொடுக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆட்களைக் கடலில் தாழ்க்கவேணும் என்பதை ஒரு கருத்து என்று நான் ஏற்கமாட்டேன். ஆனாலும் அதை நீயாகத்தான் எடுக்கவேணும். நீ எழுதியதை எடு. வீடியோவையும் எடு, அதில் தடுமாறின பெடியனுக்கும் வீட்டில் ஒரு தாய் இருப்பாள், விலங்கோடு மகனைப் பார்க்கவேண்டாம். அந்த இடத்தில் கொப்பரின் அறுந்த வலையைப் படம் எடுத்துப் போடு. எத்தனை துண்டு, எத்தனை நாள் தொழில், அடைவு வைத்த சங்கிலி, எல்லாம் எழுது. ஊர் படிக்கட்டும், தங்கச்சிமடமும் படிக்கட்டும்.

அடுத்தது, உங்கள் ஊர்ப் பெடியனுக்கு ஒரு போன் எடு. அவன் எழுதியதைத் திரும்பப் போடச் சொல்லு. போட்டபின் அவனோடு விடிய விடியச் சண்டை பிடி, நான் கேட்கமாட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் இங்கே வா. அன்றைக்கு எப்படியும் நீங்கள் கடலுக்குப் போகமாட்டீர்கள். கொப்பரையும் கூட்டிக்கொண்டு வா, முழங்காலில் இரத்தத்தோடு வந்த அந்த நாளைப் பற்றி அவரையே கேட்கலாம். அந்தப் பெடியனும் வந்தால் சந்தோசம், நாலு பேருக்குச் சேர்த்துப் புட்டு அவிக்கிறேன்.

அன்புடன்,
மாமி
யாழ்ப்பாணம்